சிவப்பு வட்டத்துக்குள் நின்றவள்

வந்தவர்களில் முதல் பெண், ரிட்டையர்டு கண்டக்டர் சுடலைமுத்து வீட்டு வாசலில் நின்றாள். அன்று விடிந்ததும் அவர் பல் விளக்குவதற்கு முன்பே, ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பிய கையோடு, பர்தா போட்ட ஒரு பெண்ணை நாலு பேர் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரிக்கிற வீடியோ ஒன்றையும் குறுக்குமடை ஊர்க்குரல் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தால் அதே பர்தா, அதே தோள்பை, அதே பச்சைச் செருப்பு, கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. யார் நீ என்று அவர் கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், "நான் பெண் அல்ல. பர்தா அணிந்த ஆண். பேருந்தில் பெண்களின் அருகில் அமர்ந்து நகை திருடுவேன். உடனே அனைவருக்கும் பகிரவும்" என்றாள். திரைக்குள்ளிருந்து மூக்குத்தி மின்னியது. வேலைக்காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த சுடலைமுத்துவுக்கு ஆண் யார் பெண் யார் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் அவளை ஒருமுறை பார்த்தார், போனை ஒருமுறை பார்த்தார், போனைத்தான் நம்பினார்.

அவர் மனைவி கோமதி அப்படி இல்லை. வாசலில் வந்து நிற்கிறவர்களைக் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்காமல் இருக்க அவளுக்கு வராது. வந்தவள் டம்ளரை வாங்கித் திரைக்குள்ளேயே கொண்டுபோய்க் குடித்து முடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது, கூடிய அத்தனை பேரும் எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்கள்: எந்த ஊரு? அதற்கும் அவள் நகை திருடுவேன் என்றுதான் சொன்னாள். எங்கள் ஊரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பெற்றவள் எந்த ஊர், அந்த ஊரில் யார் வீடு, அந்த வீட்டுக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து என்பது வரைக்கும் விசாரித்த பிறகுதான் பஜ்ஜியில் கை வைப்போம். ஆடு வாங்கப் போனாலும் அது எந்தக் கிடை ஆடு என்று கேட்போம். அப்படிப்பட்ட நாங்கள் போனில் வருகிற ஒருத்தியைப் பார்த்து மட்டும் எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

அன்றைக்கு விடையைக் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டுப் பேராத்துச்செல்வி. அவள் புருஷன் ஐயம்பெருமாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கிறான், ஊர்க்குரல் குரூப்புக்கு அட்மினும் அவன்தான். மத்தியானம் அவன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருகிறவரை கடையில் உட்காருகிறவள் செல்வி என்பதால் போனை வைத்து என்னென்ன செய்யலாம் என்பது அவனைவிட அவளுக்குக் கூடவே தெரியும். வந்தவள் விரலிடுக்கில் கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்று இருந்ததைப் பார்த்து, அதிலுள்ள எழுத்து நம் எழுத்து இல்லையே என்று யோசித்து, வீடியோவை நிறுத்தி ஒரு படமாக எடுத்து, அந்தப் படம் இதற்கு முன்னால் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடினாள். வடக்கே ஒரு ஊரில் விழிப்புணர்வு நாடகம் என்ற பெயரில் காசுக்கு வீடியோ எடுக்கிற கூட்டம் ஒன்று இருந்தது, அவர்கள் எடுத்த முழு வீடியோவின் கடைசியில் இது நடிப்பு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது, நடித்தவளின் பேரும் இருந்தது. செல்வி அவள் காதுக்குப் பக்கத்தில் போய், நீ ரூபாலி, உன் ஊர் இது, நீ நாடகத்தில் நடித்தவள் என்று சொன்னாள். சொன்னதும் அந்தப் பெண் பெரிதாக ஒரு மூச்சு விட்டு, தன் பாஷையில் ஏதோ சொல்லி, இன்னொரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்பதரை மணி திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பஸ் புறப்படுகிறபோது கோமதிக்குக் கையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எந்தச் சங்கதி எவர் கை வழியாக ஊருக்குள் முதலில் நுழைந்ததோ அவர் வீட்டு வாசலில் அந்தச் சங்கதிக்குரியவள் வந்து நிற்பாள், படத்தோடு வந்த வாசகத்தைத் தவிர வேறொரு சொல் பேசமாட்டாள், மற்றபடி வெங்காயம் உரிக்கச் சொன்னால் உரிப்பாள், படுக்கப் பாய் போட்டால் படுப்பாள். பையில் வெடிகுண்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உரக்கடைக்காரர் வீட்டில் இருந்தவளின் பையைத் திறந்தால் பித்தளை இடியாப்ப உரல் இருந்தது. அவள் தன் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே ஸ்டேஷனில் எவனோ எடுத்த படம் அது என்று செல்வி கண்டுபிடிக்கிறவரை, அந்த வீட்டில் அவள் கையால் இடியாப்பம் பிழிந்து சாப்பிட்டார்கள், குண்டு நன்றாக இருக்கிறது என்று உரக்கடைக்காரரே சொன்னார். பள்ளிவாசல் ஜமாத்தில் கூடி இவர்கள் நம் ஆட்கள்தானா என்று பேசிப் பார்த்தார்கள், பாங்கு சொல்கிறபோது சிலர் முக்காட்டைச் சரிசெய்தார்கள், சிலர் கோயில் மணிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அதனால் ஒரு முடிவுக்கும் வர முடியாமல், எப்படியும் வந்தவர்கள் வந்தவர்கள்தான் என்று வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு மட்டும் அனுப்பி வைத்தார்கள். மினி பஸ் கண்டக்டர் அவர்களுக்கு டிக்கெட் போடுவதில்லை. தெருக்குழாயில் அவர்கள் குடம் வைத்தால் யாரும் நகர்த்துவதில்லை.

சங்கடப்பட்டதெல்லாம் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட முஸ்லிம் தெருப் பெண்கள்தான். ரேஷன் கடையில் நின்றாலும் ஆஸ்பத்திரியில் நின்றாலும், நீ வந்தவளா இருக்கிறவளா என்று கேட்டார்கள். போன வாரம் உன் தங்கச்சி கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொன்னவள் நான்தான் என்று பதில் சொல்லிச் சிரிக்க வைத்தவர்கள் உண்டு, சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதவர்களும் உண்டு. அதில் ரொம்பவும் அடிபட்டவள் பால்வாடி டீச்சர் சம்சுகனி. புருஷன் சவூதியில், பிள்ளை குட்டி இல்லை, ஊரிலுள்ள சின்னப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவள் மடியில் மூத்திரம் போனவர்கள். பால்வாடிக்குள் முகத்தைத் திறந்துதான் இருப்பாள், தெருவில் இறங்கும்போது திரையை இழுத்துவிட்டுக்கொள்வாள். பர்தா போட்டவர்கள் கையில் பிள்ளையை விடாதீர்கள் என்று தினம் ஒன்று போனில் வந்துகொண்டிருக்க, டீச்சர் அப்படிப்பட்டவங்க இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வீடாகப் பிள்ளையை நிறுத்தியது. பிள்ளைகள் இல்லாவிட்டால் பால்வாடியைப் பூட்டி, அவளை எங்காவது மாற்றிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் நிறுத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சிவப்பு வட்டக்காரி வந்தாள்.

ஐயம்பெருமாள் கடை வாசலில், தார் ரோட்டில் நின்றாள். கண் மட்டும் தெரிகிற பர்தா, தோளில் துண்டு சுற்றித் தூங்குகிற ஒரு பிள்ளை, இருவரையும் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு வட்டம். படத்தில் எவனோ விரலால் வரைந்த வட்டம் அப்படியே கூட வந்துவிட்டது. தொட்டால் காயாத பெயிண்ட் மாதிரி விரலில் ஒட்டியது. பிள்ளையின் முகம் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் கட்டம் கட்டமாகக் கலங்கித்தான் தெரிந்தது. "நான் பிள்ளை பிடிப்பவள். நேற்று ஓசூர் பேருந்து நிலையத்தில் பிடிபட்டேன். உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள். இதைப் பகிராதவர் பெற்றோரே அல்ல" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வட்டம் வாசல் நிலையில் நுழையாததால் அவளை உள்ளே கூப்பிட முடியவில்லை, கூப்பிடும் உத்தேசமும் யாருக்கும் இல்லை. பஸ்கள் கொஞ்சம் ஒடித்துத் திருப்பிப் போயின. காக்கா வட்டத்தின் மேல் உட்கார்ந்தது, முட்டைக்காரர் சைக்கிளை அதில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்தார். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் தோளில் ஒரு பிள்ளையோடு ஒருத்தியை நேரில் பார்த்த பிறகு மிச்சமிருந்த வீடுகளும் பால்வாடியை நிறுத்திவிட்டன, கடைசியாக நிறுத்தியது செல்வியும் ஐயம்பெருமாளும்தான். கொஞ்ச நாளைக்குத்தானே என்று சொல்லித் தங்கள் நாலு வயது மகள் தன்ஷிகாவை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இது சாதாரண விஷயம் இல்லை, ஏனென்றால் அந்த வருஷம் ஆனி மாதம் தன்ஷிகாவுக்குப் பால்வாடியில் வைத்துக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டபோது, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் சம்சுகனி. செல்வி அன்றைக்கு ஒரு சாவுக்குக் கோவில்பட்டி போயிருந்தாள், ஐயம்பெருமாள் போனை எடுக்கவில்லை, டீச்சர் மட்டும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்று டாக்டரே சொன்னார். செல்வி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், தீபாவளிக்கு முதல் பலகாரம் உங்கள் வீட்டுக்குத்தான் என்றாள். தீபாவளி வருவதற்குள் பிள்ளையை நிறுத்திவிட்டாள். மனுஷ மனம் இவ்வளவுதான் என்று எனக்கு இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

செல்விக்கும் மனம் ஆறவில்லை. வட்டக்காரியை ஊருக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ராப்பகலாகத் தேடினாள். படத்தை வட்டத்தோடு தேடினாள், வட்டத்தை அழித்துவிட்டுத் தேடினாள், தலைகீழாகத் திருப்பித் தேடினாள். எங்கும் இல்லை. ஓசூரில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னாள், அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் படத்தில் தெரிகிற மாதிரி பாதி பெயிண்ட் அடித்துப் பாதியில் விட்ட சுவர் இங்கே எதுவும் இல்லை என்றான். மற்ற பெண்களுக்கெல்லாம் ஒரு ஊர் கிடைத்தது, இவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதற்குள் பால்வாடியை மாதக் கடைசியில் பூட்டப் போவதாகத் தகவல் வந்துவிட்டது, சம்சுகனி நாகர்கோவிலில் அண்ணன் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று முஸ்லிம் தெருவில் பேச்சு.

அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். செல்வி கடையில் உட்கார்ந்து எதிரே நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குக்கூட மாற்றவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஒருத்தி பிள்ளையோடு நின்றால், உட்கார்ந்திருக்கிற எந்தப் பெண்ணும் சாதி மதம் பார்க்காமல் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். முன்பின் தெரியாதவள் மடியில் பிள்ளை தூங்கிவிடும், இறங்கும் இடம் வந்தால் எழுப்பி வாங்கிக்கொள்வார்கள். அது ஒரு உதவி என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. இவள் இத்தனை நாள் நடு ரோட்டில் பிள்ளையோடு நிற்கிறாள், ஒரு பொம்பளை போய்க் கையை நீட்டவில்லை. செல்விக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கடையை விட்டு இறங்கி, சிவப்பு வட்டத்துக்குள் குனிந்து நுழைந்தாள்.

"பிள்ளைய இங்க தாங்க. கை கடுக்கும்லா," என்றாள்.

அந்தப் பெண் வாசகத்தை நிறுத்தினாள். பிள்ளையைக் கொடுத்தாள்.

பிள்ளையின் உடம்பு கொதித்தது. செல்வி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டதும், கட்டம் கட்டமாகக் கலங்கிய அந்தச் சின்ன முகம் அவள் கழுத்தில் புதைந்து, தூக்கத்திலேயே ஒரு கை மேலே ஏறி அவள் காது மடலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. தன்ஷிகா பிறந்ததிலிருந்து அப்படித்தான் தூங்குவாள். பெற்றவளுக்குப் பிள்ளையின் கனம் தெரியும், இது தன்ஷிகாவின் கனம், ஆனால் இப்போது வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு அடம்பிடிக்கிற தன்ஷிகாவின் கனம் இல்லை, ஜன்னி கண்ட அன்றைக்கு இருந்த கனம். செல்வி நிமிர்ந்து பார்த்தாள். வட்டத்துக்குள்ளிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் அந்தப் படத்தில் இருந்தபடியே தெரிந்தது: பாதி பெயிண்ட் அடித்துக் காண்ட்ராக்டர் விட்டுவிட்டுப் போன சுவர், நாங்கள் தினமும் சாய்ந்து நிற்கிற எங்கள் சுவர். போனில் பார்த்தபோது ஓசூர் என்று எழுதியிருந்ததால் ஓசூராகவே தெரிந்திருக்கிறது.

அவள் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஐயம்பெருமாள் ஓடி வந்தான். அவனிடம் அவள் பிள்ளையைக் கொடுத்தாள், அவன் வாங்கினான், அவன் காது மடலையும் ஒரு கை பிடித்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து மகளின் முகம் வந்தது. கடையை ஒட்டியிருந்த வீட்டு ஜன்னலிலிருந்து இன்னொரு தன்ஷிகா எட்டிப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

"டீச்சர் அன்னைக்கு போட்ட போனை எடுக்க ஒங்களுக்கு நேரமில்ல," என்றாள் செல்வி. "அவுங்க படத்தை அனுப்ப மட்டும் நேரம் இருந்திச்சு."

பிற்பாடு செல்வி ஒவ்வொரு கையாகப் பின்னால் பிடித்துக்கொண்டு போய் விசாரித்ததில் கதை இதுதான்: பிள்ளையோடு ஒரு பெண் ஓடுவதை நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவன் சும்மா படம் எடுத்தான், கூட்டுக்காரனுக்குச் சும்மா அனுப்பினான், கூட்டுக்காரன் யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்போல என்று எழுதி அனுப்பினான், அடுத்தவன் அந்தப் ‘போல’ என்பதை எடுத்துவிட்டான், அதற்கு அடுத்தவன் வட்டம் போட்டான், இரக்கமுள்ள ஒருவன் பிள்ளையின் முகத்தை மறைத்தான், எங்கே நடந்தது என்று கேட்டவர்களுக்காக ஒருவன் ஓசூர் என்று சேர்த்தான், இப்படி ஆளுக்கு ஒரு கை போட்டு ஊரெல்லாம் சுற்றி, பெற்ற அப்பன் கையிலேயே வந்து விழுந்து, அவன் அதைத் தன் ஊருக்கு அனுப்பினான்.

ஐயம்பெருமாள் முதலில் குரூப்பில் உண்மையை எழுதிப் போட்டான். ரெண்டு பேர் கும்பிடு போட்டார்கள், சுடலைமுத்து வழக்கம்போல ரோஜாப்பூ அனுப்பினார், வட்டம் அப்படியே நின்றது. உண்மைக்குக் கால் கிடையாது போலிருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று புரிந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தான். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்தான். இது என் மகள், அன்றைக்கு இவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது டீச்சர், அதைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று உங்களுக்கு அனுப்பியது நான் என்று சொன்னான். சில வீட்டில் பிள்ளையை வாங்கியவுடன் அழுதார்கள், சில வீட்டில் உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டார்கள், உரக்கடைக்காரர் வீட்டில் அடிக்கவே கையை ஓங்கினார்கள், அவரே ஐந்து குரூப்புக்கு அதை அனுப்பியவர் என்றாலும். ஒவ்வொரு வீடு முடியும்போதும் கடை வாசலில் வட்டத்தின் சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. இருட்டுவதற்குள் அவன் திரும்பி வந்து பிள்ளையை அந்தப் பெண்ணின் தோளில் கிடத்தியபோது, வட்டம் உதிர்ந்து ரோட்டில் செம்மண் மாதிரி கிடந்தது.

அப்போது அந்தப் பெண் வாயைத் திறந்தாள். வாசகத்தைச் சொல்லவில்லை. படம் எடுத்த அந்த நேரத்தில் அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ, படத்தில் யாருக்கும் கேட்காமல் போனது எதுவோ, அதைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, ஒரு ஆட்டோ கூப்பிடுங்க. பிள்ளைக்கு ஜன்னி கண்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆனி மாதத்தில் இதே இடத்தில் இதைக் கேட்டு யாரும் அசையவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு சம்சுகனி வழியில் போன பால் வண்டியை மறித்து ஏறிப் போனாள். இப்போது பஸ் ஸ்டாண்டே ஓடியது. பூக்கடைக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள், தென்காசி பஸ் டிரைவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழி விட்டார், சுடலைமுத்து பழைய விசிலை எடுத்து ஊதினார், ஆட்டோ மாடசாமி ஒரே வெட்டில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். கோமதி ஈரத்துண்டைப் பிள்ளையின் நெற்றியில் போட்டாள். ஆட்டோ போன திசையைப் பார்த்துக்கொண்டு ஊர் கைகூப்பி நின்றது.

மாடசாமி தனியாகத்தான் திரும்பி வந்தான். மேம்பாலம் ஏறும்போதே பின்னால் கனம் குறைந்தது தெரிந்தது என்றும், திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓட்டினேன் என்றும், இறங்கிப் பார்த்தபோது சீட்டு சூடாக இருந்தது என்றும் சொன்னான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் செல்வியும் ஐயம்பெருமாளும் சம்சுகனி வீட்டுக்குப் போனார்கள். மூட்டைகள் கட்டி நடுவீட்டில் இருந்தன. அவள் இருவரையும் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். செல்வி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை.

"தெரியும் செல்வி," என்றாள். "மொத நாளே தெரியும். என் தோளும் என் கையும் எனக்குத் தெரியாதா?"

"பெறவு ஏன் டீச்சர் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? படத்துல இருக்கது நான்தான்னு சொல்லிருந்தா, ஓசூர்ல பிடிபட்டவ இங்கதான் இருக்கான்னு வீட்டுக்கு வந்திருப்பீங்க." காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ஊருக்குத் தெரியாட்டாலும் ஒம் பிள்ளைய நீ கண்டுபிடிச்சிருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்கு இத்தன நாளாயிருச்சே," என்றாள்.

ஐயம்பெருமாள் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினான். அவள் அவனைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அழாதீங்க. ஒங்களத் தேத்த எனக்கு இப்ப தெம்பில்ல," என்றாள். அவன் அழுகையை நிறுத்தினான்; அவளுடைய வருத்தத்துக்கு முன்னால் தன் வருத்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பது அவனுக்கே தெரிந்துபோனது. ஊர்க்கூட்டம் போட்டு மன்னிப்புக் கேட்கிறோம், மேளத்தோடு வந்து கூட்டிப்போகிறோம் என்றெல்லாம் செல்வி சொன்னாள். சம்சுகனி ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். திங்கட்கிழமை பால்வாடியைத் திறப்பேன், எப்போதும் வருகிற மாதிரி பஸ் ஸ்டாண்ட் வழியாகத் தனியாக நடந்து வருவேன், திரையோடுதான் வருவேன், அனுப்புகிறவர்கள் பிள்ளைகளை அனுப்பட்டும், ஒருத்தரும் வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை நாகர்கோவில் போய்விடுவேன் என்று சொன்னாள். மூட்டைகளை அவிழ்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் எப்போதும் போலக் கூட்டம். தெருமுனையில் கறுப்பு பர்தா தெரிந்தது, கண் மட்டும் தெரிந்தது. நீ வந்தவளா இருக்கிறவளா என்று யாரும் கேட்கவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்துவந்தாள், பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கோமதி பேரனோடு நின்றாள், பூக்கடைக்காரி மகளோடு நின்றாள், உரக்கடை வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. இன்னும் சில கதவுகளும் அன்று திறக்கவில்லை, திறக்காது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். ஐயம்பெருமாள் கடைக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். செல்வி ரோட்டுக்கு நடுவில் வந்து, தோளில் இருந்த தன்ஷிகாவை அவளிடம் நீட்டினாள்.

சம்சுகனி உடனே வாங்கவில்லை. சுற்றி நிற்கிற எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள், ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் தெரிகிற தென்காசி பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கி, இடுப்பில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"கனம் கூடிட்டா," என்றாள். "நல்லாத் திங்காளா?"

"திங்கா டீச்சர்," என்றாள் செல்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்தியானம் மட்டும் தூங்க மாட்டேங்கா. எவ்வளவு தட்டிக் கொடுத்தாலும் முழிச்சிக்கிட்டே கெடக்கா," என்றாள்.

"எங்கிட்ட தூங்குவா," என்றாள் சம்சுகனி, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பால்வாடியைப் பார்த்து நடந்தாள்.